எப்போது எழுந்திருப்பது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் உரையின் பொருளைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார். "இலக்கியக் கூட்டம் என்றீர்கள், யோகா வகுப்பு மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் கிண்டலில் நியாயம் இருக்கிறது. உடம்பைப் பற்றிப் பேசுவது நம் இலக்கிய மேடைகளில் கொஞ்சம் கூச்சமான விஷயம். உள்ளம், மொழி, மரபு, சமூகம் என்று மணிக்கணக்கில் பேசுவோம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

நான் மருத்துவன் அல்ல. பயிற்சி சொல்லிக்கொடுப்பவனும் அல்ல. எழுதுகிறவன், எழுதுகிறவர்களோடு நெடுநாள் பழகியவன். உடற்பயிற்சி நல்லதா என்ற கேள்விக்குள் நான் போகப் போவதில்லை; அது தெரியாதவர் இந்த அரங்கில் யாரும் இல்லை. இங்கே பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், மின்வாரியத்தில் இருப்பவர், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கிடைத்த இடைவெளியில் எழுதுகிற பெண்கள் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரிடமும் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "எழுதவே நேரம் கிடைப்பதில்லை, இதில் நடக்க எங்கே போவது?" அந்தப் பதிலைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

அதற்கு எனக்கு ஒரு தபால்காரர் துணை வேண்டும். தபால்காரர் என்றால் பை தூக்கியவர் இல்லை, தபால் துறை அதிகாரி. ஆண்டனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர். 1815இல் பிறந்தவர், 1882இல் இறந்தவர். 19 வயதில் லண்டன் தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1867 வரை, ஏறக்குறைய 33 வருடம் அந்த உத்தியோகத்தில் இருந்தார். பிரிட்டனில் தெருவோரம் தபால் பெட்டி வைக்கும் வழக்கத்துக்கு முதல் பரிந்துரை கொடுத்தவர் அவர்தான். 1852இல் கால்வாய்த் தீவுகளில் முதலில் வைத்தார்கள். அந்தச் சிவப்புப் பெட்டியின் வாரிசுதான் நம் தெருமுனைகளிலும் நின்றது. இத்தனை வேலைக்கு நடுவே அவர் எழுதிய நாவல்கள் 47. பயண நூல்கள், சிறுகதைகள் தனி.

இதை எப்படிச் செய்தார் என்று அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதி வைத்தார். லண்டனுக்கு வெளியே வால்தம் என்ற ஊரில் குடியிருந்த காலத்தில் காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே ஒரு வயதான வேலையாளுக்கு வருடத்துக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்குத்தான் கடன்பட்டிருப்பதாகச் சொல்கிறார். முதல் அரைமணி நேரம், முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதுவார். எட்டரைக்குப் பேனாவை வைத்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு காலை உணவுக்குப் போவார். ஒருநாளைக்கு மூன்று மணி நேரம் எழுதினால் போதும், ஒரு மனிதன் எழுத வேண்டியதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்பது அவர் கட்சி.

இந்தச் சுயசரிதை அவர் இறந்தபின் 1883இல் வெளிவந்தபோது இலக்கியவாதிகள் பலர் முகம் சுளித்தார்கள். கலைஞன் கடிகாரம் பார்த்து எழுதுவதா என்று. எனக்கு அந்தக் கடிகாரத்தைவிட அதன் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். எட்டரை மணிக்கு அவருடைய எழுத்து வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தபால் துறை. அதற்கும் மேலே, குளிர்காலம் வந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது குதிரை ஏறி நரி வேட்டைக்குப் போய்விடுவார். கனத்த உடம்பு, கிட்டப் பார்வை. தாண்ட வேண்டிய வேலி எது, பள்ளம் எது என்று சரியாகத் தெரியாது. விழுவார், எழுவார், மறுபடி போவார். நரியைத் துரத்திக் கொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது, அது வேறு பேச்சு. உத்தியோகமும் இத்தனை நாவலும் வைத்திருந்த மனிதனுக்கு வாரம் இரண்டு நாள் வெளியில் சுற்ற எப்படி நேரம் கிடைத்தது?

எழுத்தை முடித்துவிடுவதால் கிடைத்தது. அவ்வளவுதான். நாம் முடிப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறோம். பன்னிரண்டு வரை அதன் முன்னால் இருக்கிறோம். அதில் உண்மையில் வாக்கியம் வந்தது எவ்வளவு நேரம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். முதலில் ஒரு பத்தி வரும். பிறகு அந்தப் பத்தியைத் திருத்துவோம். பிறகு தகவல் சரிபார்க்கிறேன் என்று இணையத்துக்குள் போவோம். அங்கிருந்து வாட்ஸாப். யாரோ யாரையோ திட்டியிருப்பார்கள், அதைப் படிப்போம். திரும்பி வந்து அதே பத்தியில் ஒரு காற்புள்ளியை எடுப்போம். பன்னிரண்டு மணிக்கு 'இன்றைக்கு மூன்று மணி நேரம் எழுதினேன்' என்று படுக்கப் போவோம். எழுத உட்கார்ந்திருந்த நேரமும் எழுதிய நேரமும் ஒன்றல்ல. நடைப்பயிற்சிக்கு வேண்டிய நேரம் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. எழுத்தின் பங்கிலிருந்து ஒரு நிமிடம்கூட எடுக்க வேண்டியதில்லை.

டிராலப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வால்தமுக்குக் குடிவருவதற்கு முந்திய காலம். 1851இலிருந்து அவரை இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்களுக்குத் தபால் பட்டுவாடா ஒழுங்கு செய்ய அனுப்பினார்கள். எந்த வீட்டுக்கு எந்த வழியாகக் கடிதம் போக வேண்டும், ஒரு தபால்காரர் ஒருநாளில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று நேரில் பார்த்துத் திட்டமிடும் வேலை. நாளுக்குச் சராசரி 40 மைல் குதிரையில் போனதாகச் சொல்கிறார். அந்தச் சுற்றலில் சாலிஸ்பரி ஊருக்குப் போனபோது, ஒரு கோடை மாலையில் அங்குள்ள பேராலயத்தைச் சுற்றித் திரிந்துகொண்டிருக்கையில் 'தி வார்டன்' நாவலின் கதை பிடிபட்டது. பார்செட்ஷயர் நாவல்கள் என்று இன்றும் வாசிக்கப்படும் வரிசை முழுக்க அங்கிருந்து தொடங்கியது. மேசையில் அவர் எழுதினார். எழுத வேண்டியது என்ன என்பது வெளியில் கிடைத்தது.

தபால் துறை என்றதும் இன்னொரு தகவல். 1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் இதயநோய் எப்படி வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே பேருந்து, ஒரே புகை, ஏறக்குறைய ஒரே வர்க்கம், ஒரே சம்பள உலகம். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாகத் தினம் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்தி வந்தது, உயிரைப் பறிப்பது குறைவாக இருந்தது. இதையே தபால் துறையிலும் பார்த்தார்கள். தெருத்தெருவாகப் போகும் தபால்காரர்களுக்கும், அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்களுக்கும் அதே வித்தியாசம். உட்கார்ந்து செய்யும் வேலையையே ஓர் ஆபத்தாகப் பார்க்கும் பழக்கம் மருத்துவ உலகில் அங்கிருந்து வலுப்பட்டது. நம் ஊரில் கூட்டம் நிறைந்த டவுன் பஸ்ஸில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நெருக்கியடித்துப் போய்வரும் கண்டக்டரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுதுகிறவன் ஓட்டுநர் சீட்டில் இருக்கிறான். அதுவும் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ஒரு வண்டி, வீட்டுக்கு வந்தபின் இரவில் இன்னொரு வண்டி.

எவ்வளவு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு பெரிய அளவு ஒன்றும் இல்லை. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150இலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 150 நிமிடம் என்றால் நாளுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் 2022ஆம் ஆண்டுக்கான கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த அளவையும் எட்டவில்லை என்று தெரிந்தது. எழுத்தாளர்களை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்தால் என்ன வரும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை.

இப்போது ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி. எழுத்து, உடற்பயிற்சி என்று பேச்சு வந்தால் இவரைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். அவர் மாரத்தான் ஓடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் எதை விட்டார் என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

முரகாமி டோக்கியோவில் ஜாஸ் இசை போடும் ஒரு மதுக்கூடம் நடத்திவந்தவர். இரவு வெகுநேரம் வரை கடை. நாளுக்கு 60 சிகரெட். அந்தக் கடையை நடத்திக்கொண்டே முதல் நாவல்களை எழுதினார். பிறகு கடையை விற்றுவிட்டு முழுநேரம் எழுத உட்கார்ந்தபோது, உடம்பு கனக்கத் தொடங்கியது. கடையில் இருந்தவரை நின்றும் நடந்தும் வேலை செய்த உடம்பு அது. 1982இல், 33 வயதில் ஓடத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஏதென்ஸிலிருந்து மாரத்தான் என்ற ஊர் வரை, அந்த ஓட்டத்துக்குப் பெயர் தந்த பழைய தடத்தில் தனியாக ஓடினார். 1996இல் ஜப்பானின் சரோமா ஏரிக்கரையில் 100 கிலோமீட்டர் ஓட்டம். முடிக்க 11 மணி 42 நிமிடம் ஆயிற்று. நாவல் எழுதும் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவது, பிறகு 10 கிலோமீட்டர் ஓட்டம் அல்லது 1,500 மீட்டர் நீச்சல், சில நாள் இரண்டும், மிச்ச நேரம் படிப்பும் இசையும், ஒன்பது மணிக்குப் படுக்கை. இதுதான் தன் நாள் என்று 2004இல் ஒரு பேட்டியில் சொன்னார்.

நான்கு மணிக்கு எழுவதை எல்லோரும் வியக்கிறார்கள். ஒன்பது மணிக்குப் படுப்பதை யாரும் வியப்பதில்லை. கடினம் அதுதான். ஒன்பதுக்குப் படுக்கிறவன் இரவு விருந்துக்குப் போக முடியாது. புத்தக வெளியீட்டுக்குப் பிறகான பேச்சில் உட்கார முடியாது. அழைத்தவர்களுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னார், அதனால் நட்புகள் அடிபட்டன என்பதையும் ஓட்டம் பற்றிய தன் நூலில் ஒப்புக்கொள்கிறார். எதிரில் இருக்கும் ஆட்களைவிட முகம் தெரியாத வாசகரோடுள்ள உறவே தனக்கு முக்கியம் என்று முடிவெடுத்தாராம்.

நம் இலக்கிய உலகம் எப்படி? ஆறு மணிக்குக் கூட்டம் என்று போட்டால் ஏழுக்குத் தொடங்குகிறது. ஒன்பதுக்கு முடிகிறது. பிறகு வாசலில் நின்று அரை மணி. டீக்கடையில் ஒரு மணி. வெளியூரிலிருந்து எழுத்தாளர் வந்திருந்தால் அவர் தங்கியிருக்கும் லாட்ஜ் அறையில் நள்ளிரவு தாண்டியும் சபை. இலக்கியம் பாதி அங்கேதான் நடக்கிறது என்று சொல்வார்கள். எனக்கும் அந்தச் சபைகள் பிடிக்கும். அங்கே கேட்ட கதைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் மறுநாள் காலை என்பது அந்த இரவின் விலை. எழுதவும் முடியாது, நடக்கவும் முடியாது. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. எழுத்துக்கும் பயிற்சிக்கும் சண்டை என்று நாம் நினைக்கிறோம். அவை இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கம் நிற்பது இரவு.

முரகாமி சொல்வதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. நாவல் எழுதுவது ஆரோக்கியமான வேலை இல்லை என்கிறார். மனிதருக்குள் அடியில் கிடக்கும் நஞ்சு எழுதும்போது மேலே வருகிறது; அதைத் தொடாமல் நல்ல எழுத்து இல்லை; ஆகவே அதைத் தாங்கிக்கொள்ள உடம்பு திடமாக இருக்க வேண்டும், வருடக்கணக்கில் எழுத வேண்டுமானால் இன்னும் திடமாக. உடம்பைப் பேணுகிறவன் சாதுவான எழுத்தாளன், கெடுத்துக்கொள்கிறவன்தான் தீவிரமான எழுத்தாளன் என்றொரு நம்பிக்கை எல்லா மொழியிலும் உண்டு. அதை இவர் அப்படியே புரட்டிப் போடுகிறார். ஓடும்படி யாருக்கும் தான் சிபாரிசு செய்வதில்லை என்றும் சொல்கிறார். நானும் செய்யவில்லை. முழங்காலுக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அது.

உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவன்தான் தீவிரமானவன் என்ற அந்த நம்பிக்கை தமிழில் ரொம்பவே ஆழம். நமக்குக் காரணங்கள் இருக்கின்றன. பாரதி 38 வயதில் போனார். கு.ப.ராஜகோபாலனும் புதுமைப்பித்தனும் 42 வயதில். நவீன இலக்கியத்தின் மூலவர்கள் நோயிலும் வறுமையிலும் இளம் வயதில் செத்தது நம் மனத்தில் ஒரு படமாகப் பதிந்துவிட்டது. மெலிந்த உடல், இருமல், வெற்றிலை, பேனா. அவர்கள் உடற்பயிற்சி செய்யாததால் சாகவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம், அநியாயமும்கூட. புதுமைப்பித்தனைக் கொன்றது காசநோய். அவரைப் பொறுத்தவரை அது ஒரு கொடுமை. அதை எடுத்து நாம் கலைஞனின் அடையாளச் சின்னமாகக் குத்திக்கொண்டதுதான் கோளாறு. அந்த மூன்று பேரும் இன்னொரு இருபது வருடம் கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்கள்?

அந்தப் படத்துக்கு எதிராக மாட்டிவைக்க வேறு படங்களும் நம்மிடம் உண்டு. சி.சு.செல்லப்பா 'எழுத்து' பத்திரிகை நடத்திய காலத்தில் புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர். 'வாடிவாசல்' எழுதியவருக்கு மாட்டின் உடம்பும் தெரிந்திருந்தது, மனிதனின் உடம்பும் தெரிந்திருந்தது. அந்த மனிதர் 'சுதந்திர தாகம்' என்ற நாவலை மூன்று பாகங்களாக 1997இல் வெளியிட்டார். 1912இல் பிறந்தவர், வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் காலத்தில் ஜெயமோகன் 2014லிருந்து 2020 வரை 'வெண்முரசு' வரிசையில் 26 நாவல்களை எழுதினார். நாகர்கோவிலில் வீட்டைச் சுற்றியுள்ள வயல்பகுதிகளில் தினமும் மாலை நடப்பதைப் பற்றி அவரே நிறைய எழுதியிருக்கிறார். அவருடைய கருத்துகளோடு சண்டை போடுகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள், தெரியும். நடையோடு சண்டை வேண்டாம்.

நடையைப் புகழ்ந்துகொண்டே போனால் சார்லஸ் டிக்கன்ஸ் குறுக்கே வந்து நிற்பார். அவரும் ஒழுங்கானவர்தான். காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை மேசை, பிறகு மூன்று மணி நேரம் போல நடை. ஆனால் அவருக்கு நடை ஓய்வாக இருக்கவில்லை. துரத்துகிற ஏதோ ஒன்றிலிருந்து தப்பி ஓடுவதாக இருந்தது. 1857 அக்டோபரில், மனைவியோடு பிணக்கு முற்றியிருந்த சமயம், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் படுக்கையைவிட்டு எழுந்து லண்டன் வீட்டிலிருந்து காட்ஸ்ஹில் வீடு வரை 30 மைல் நடந்தே போனார். தூக்கம் வராத இரவுகளில் லண்டன் தெருக்களில் விடியும்வரை அலைந்ததை 1860இல் ஒரு கட்டுரையாக எழுதினார்; அருமையான கட்டுரை. பின்னாளில் இடது கால் வீங்கி வலித்தபோதும் பனியில் நடப்பதை விடவில்லை. கடைசி ஆண்டுகளில் ஊர் ஊராக மேடை வாசிப்புகள், அமெரிக்கா வரை. 1870இல் 58 வயதில் பக்கவாதத்தில் போனார். அவ்வளவு நடந்தவர் ஏன் 58இல் போனார் என்று என்னிடம் நடைப்பயிற்சிக்கு எதிராக வாதாடியவர்கள் உண்டு. தூங்காதவனுக்கும் ஓயாதவனுக்கும் நடை ஈடு செய்யாது. காலில் வீக்கம் வந்தால் உட்காருவதும் உடம்பைப் பேணுவதில் சேர்த்திதான்.

சரி, நடையால் எழுத்துக்கு நேரடியாக ஏதாவது கிடைக்கிறதா? எழுதுகிறவர்களுக்கு இதுதான் காதில் விழும்.

2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரிலி ஒபெஸோ, டேனியல் ஸ்வார்ட்ஸ் என்ற இரண்டு பேர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு சாதாரணப் பொருளைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பார்கள். உட்கார்ந்தபடி பதில் சொன்னபோது வந்த புதிய யோசனைகளைவிட, நடந்தபடி சொன்னபோது சராசரியாக 60 விழுக்காடு கூடுதலாக வந்தன. இதற்குக் கடற்கரையோ மலையோ தேவைப்படவில்லை. வெறும் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் சற்று நேரம் நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனையில் நடை உதவவில்லை. கொஞ்சம் பின்னடைவாகக்கூட இருந்தது. நம் தொழிலுக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்: கதை முட்டிக்கொண்டு நின்றால் எழுந்து நடங்கள். மெய்ப்புத் திருத்த வேண்டுமானால் உட்காருங்கள்.

அந்த வெறும் சுவர் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலக் கவிகள் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் நடந்துகொண்டே கவிதை கட்டுகிறவர்கள். கரடுமுரடான தரையில், புதர்க் கிளைகளை விலக்கிக்கொண்டு நடக்கும்போது கவிதை வரும் கோல்ரிட்ஜுக்கு. வேர்ட்ஸ்வொர்த்துக்கு நேரான சரளைப் பாதை வேண்டும்; முன்னும் பின்னுமாக, எதுவும் குறுக்கிடாமல். இதை இருவரோடும் நேரில் பழகிய ஹாஸ்லிட் என்ற கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இயற்கையைப் பாடிய மகாகவிக்கு ஒரு மொட்டை மாடி போதுமாயிருந்தது என்று இதற்குப் பொருள்.

மொட்டை மாடியை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இங்கே இருக்கும் பெண்களிடம் 'காலை ஐந்து மணிக்கு எழுந்து பூங்காவுக்குப் போங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்து மணிக்கு அடுப்படி காத்திருக்கிறது. தனியாக இருட்டில் ஒரு பெண் நடந்தால் பார்க்கும் பார்வை வேறு. 'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே' என்று ஆண்கள் சமாதானம் சொல்வார்கள். உடம்பு அசைகிறது என்ற அளவில் அது சரி. உலக சுகாதார நிறுவனமே வீட்டு வேலையை உடலுழைப்பில் சேர்க்கிறது. நடையில் கிடைத்து அதில் கிடைக்காதது ஒன்று இருக்கிறது: அந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். எழுதுகிற பெண்ணுக்கு இருபது நிமிட நடையில் கிடைக்கும் பெரிய லாபம் அந்தத் தனிமைதான். அதற்கு மாடி போதும், கைபேசியைக் கீழேயே வைத்துவிட்டுப் போனால். அந்த இருபது நிமிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஆண்கள் பக்கம்தான் பார்த்துச் சொல்கிறேன்.

பூங்காவுக்குப் போக முடிகிறவர்கள் போகலாம். எங்கள் பகுதிப் பூங்காவில் சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயின்டில் பெரிய எட்டு போட்டுவைத்திருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் நடப்பார்கள். அகவிலைப்படி, மகனின் அமெரிக்க விசா, சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை எவ்வளவு, பின் எவ்வளவு என்று பேச்சும் கூடவே எட்டு போடும். வெளியே வந்தால் ஒருபக்கம் அருகம்புல் சாறு, கற்றாழைச் சாறு, முளைகட்டிய பயறு. இன்னொரு பக்கம் சுடச்சுட மெதுவடை. எந்தப் பக்கம் கூட்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நடப்பது உடம்புக்கு நல்லது. நாள் தவறினால் 'ஏன் வரலை?' என்று கேட்க நான்கு பேர் இருப்பார்கள். கதை யோசிக்க வேண்டிய நாளில் மட்டும் எதிர்த்திசையில் நடந்துவிடுங்கள். எழுத்தாளர் என்றால் இந்த மாதிரிச் சில மரியாதைக் குறைவுகளை மன்னித்துவிடுவார்கள். அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து கதைகள் எழுதியவர். அவரைச் சுற்றி அன்றைக்கும் யாராவது நடந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் பயிற்சி நடக்காது. எழுத்தின் முடிவோடு கட்டிவிடுங்கள். அடுத்து என்ன எழுதப் போகிறோம் என்று தெரிகிற இடத்திலேயே நிறுத்துவது ஹெமிங்வேயின் வழக்கம்; முரகாமியும் அதைப் பின்பற்றுகிறார். அப்படி நிறுத்தினால் உடனே செருப்பை மாட்டலாம். முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நிறுத்தினால் இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று நாற்காலி விடாது. காலையில் எழுதுகிறவருக்கு எழுதி முடித்ததும் நடை. இரவில்தான் எழுத முடியும் என்பவர்கள், சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்துவிட்டு எழுத உட்காரலாம். சாப்பாட்டுக்குப் பிந்திய நடை ரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும், தூக்கக் கலக்கத்தையும் கொஞ்சம் விரட்டும். நடக்கும்போது தோன்றியதைக் குறித்துக்கொள்ளக் கைபேசி வேண்டும் என்பீர்கள். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். கைபேசியை எடுத்தால் யோசனை போய் வாட்ஸாப் வரும்.

வலுவூட்டும் பயிற்சியை எழுத்தாளர்கள் முற்றிலும் மறந்துவிடுகிறார்கள். நடை காலுக்குச் சரி; நாள் முழுக்கக் கூன் போட்டிருக்கும் தோளுக்கும் கழுத்துக்கும் முதுகுக்கும் அது போதாது. ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. தண்டால், பஸ்கி இரண்டும் நம் ஊர்ச் சொத்து. தண்டால் தரையில் முடியாவிட்டால் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். பஸ்கி வராதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதையே பத்துப் பதினைந்து முறை செய்யலாம். நாம் ரொம்பக் காலமாகப் பயிற்சி எடுத்திருப்பது அதில் பாதிதான், உட்காரும் பாதி.

வயதானவர்கள் சிலர் 'இனிமேல் என்ன' என்று நினைக்கலாம். அவர்களுக்கு ஒரே ஒரு தகவல். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் நடந்தது. பத்து நிமிடத்தில் தொடங்கி நாற்பது நிமிடம் வரை ஏற்றினார்கள். இன்னொரு குழு தசையை நீட்டி மடக்கும் இலகுவான பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, வயதானால் ஆண்டுதோறும் சுருங்கும். நடந்தவர்களுக்கு அது சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. ஐம்பது வருடம் முன்னால் அம்மாச்சி சொன்ன ஒரு சொலவடையைக் கதையில் வைத்துவிட வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு நாளைக் காலையே ஓடத் தொடங்கிவிட வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு மெதுவான நடை. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம் சரியான வேகம். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், கை கடுத்தால் 'வாயுத் தொல்லை' என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எட்டு மணிக்கு நூலகத்தைப் பூட்ட வேண்டும் என்று நூலகர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். கேள்விகளை இங்கேயே கேட்டுவிடுங்கள். நான் ஒன்பதுக்குப் படுக்க வேண்டும், வாசலில் நின்று பேச முடியாது.